சுங்கை சிப்புட் கடைக்காரங்களுக்குன்னு ஒரு சங்கம் தேவையா, இல்ல தீபாவளிக்கு மேடை போட்டா போதுமா?

லிந்தாங்ரோடு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். நான் மலேசியா பேராக்ல இருக்கிற நம்ம சுங்கை சிப்புட் டவுன்ல மோட்டர் பட்டறை வச்சிருக்கேன். கொஞ்ச நாளாவே கடைக்காரங்க சில பேர் நமக்குன்னு ஒரு சங்கம் பதிவு பண்ணலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். ஆனா பேச ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல மூணு கட்சியா பிரிஞ்சிருது. ஒரு கூட்டம் தீபாவளி சந்தைய ஒழுங்கா நடத்துனா போதும்லா, அதுக்கு மேல எதுக்கு இழுத்து விட்டுக்கிறீங்கன்னு சொல்லுது. இன்னொரு கூட்டம் பள்ளிக்கூட பிள்ளைங்க, சாவு வீடு, கோயில் தண்ணி பந்தல் எல்லாத்தையும் சங்கம் ஏத்துக்கணும்ங்குது. மூணாவது கூட்டம் இது நம்ம ஆளுங்க சங்கமா மட்டும் இருக்கணும், சீனர் கடை மலாய்க்காரர் கடையெல்லாம் சேக்கக் கூடாதுங்குது. எனக்கு மனசுல ஒரு முடிவு இருக்கு, அத இப்பவே சொன்னா எல்லாரும் எனக்கு பதில் சொல்ற மாதிரி ஆயிடும், அதனால பொறவு சொல்றேன். சங்கம் நடத்தி அனுபவம் உள்ளவங்க, வேற ஊர்ல இந்த மாதிரி பாத்தவங்க வந்து பேசுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, காரணத்தோட திட்டுங்க.

வேற_வேல_இல்லயா:
இன்னொரு சங்கமா. தலைவர், துணைத்தலைவர், உதவித்தலைவர், கௌரவ ஆலோசகர், பேனர்ல எல்லாருக்கும் ஒரு போட்டோ. பேனர் அடிக்கிறவருக்கு மட்டும் நல்ல வியாபாரம். வாழ்த்துகள்.

மளிகைக்கடை_பொண்ணு:
வேற வேல அண்ணே, நீங்க சொல்றது பாதி உண்மை, அதுக்காக மீதி பாதிய விட்டுற முடியாது.

எங்க தாத்தா காலத்துலேர்ந்து மளிகைக்கடை, இப்ப நான்தான் பாக்குறேன். கடைல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு, அதுக்குள்ள பூராவும் 555 புக்கு. தெரியாத சின்ன பசங்களுக்கு சொல்றேன், உள்ளங்கை அளவுக்கு ஒரு நோட்டு, அட்டைல 555ன்னு போட்டிருக்கும், ரப்பர் தோட்டத்து குடும்பம் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, கடன் கணக்கு எழுத. ஒரு பக்கத்த அப்பிடியே சொல்றேன் பாருங்க: அரிசி, பருப்பு, கருவாடு, தேங்கா எண்ண, சவுக்காரம், அதுக்குக் கீழ "பள்ளிக்கூட சப்பாத்து 1", அதுக்கும் கீழ "கையில 5 வெள்ளி". கையில அஞ்சு வெள்ளின்னா என்னன்னா மளிகைக்கடைலயே ரொக்கமும் கடன் வாங்கிருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு போக பஸ் காசோ என்னமோ. மாசத்துல ரெண்டு தடவ, அட்வான்ஸ் அன்னிக்கும் சம்பளத்தன்னிக்கும், தோட்டத்து லோரி வந்து டவுன்ல எறக்கி விடும், அன்னிக்கு புக்க எடுத்து கோடு போட்டு கழிப்பாங்க. மழை மாசத்துல பால் வெட்டு இல்லன்னா சம்பளம் கொறையும், புக்கு மட்டும் நீண்டுக்கிட்டே போகும். அதுக்காக அரிசிய நிறுத்த முடியாது. ஒரு கடை நிறுத்துனா அந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுங்க, பூரா அடுத்த கடைக்கு போயிடும், இதுல தர்மமும் இருந்துச்சு வியாபார கணக்கும் இருந்துச்சு, ரெண்டையும் பிரிக்க முடியாது. சில கடையில வெல ஏத்தி எழுதுனதும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவங்கள ஏமாத்துனதும் உண்டு. எங்க குடும்பத்த விட்டுட்டு சொல்றேன்னு நெனைக்காதீங்க, எங்க பாட்டியே அந்தக் காலத்து கடைக்காரங்கள நல்லா திட்டும்.

இப்ப அந்த லயங்கள்ல நம்ம ஆளுங்க கம்மி. கித்தா (ரப்பர்) மரத்த வெட்டி செம்பனை போட்டாங்க, பிள்ளைங்க ஈப்போ, கோலாலம்பூர்னு போயிட்டாங்க, தோட்டத்துல இப்ப பெரும்பாலும் பங்களாதேஷ் தம்பிங்களும் இந்தோனேசியாக்காரங்களும்தான். என் கடைல இப்ப கடுகெண்ணதான் வேகமா போகுது, நான் ரெண்டு வார்த்த வங்காளி கத்துக்கிட்டேன். அவங்களுக்கும் புக்குல எழுதுறேன், இப்ப அது போன்ல. சங்கம்னு ஒண்ணு வந்தா தீபாவளிக்கு லைட்டு போடுறத பத்தி மட்டும் பேசாதீங்க. 2021 ஜூலைல சாப்பாட்டுக்கு உதவி வேணும்னு வீட்டு முன்னால வெள்ளைக்கொடி கட்டுனாங்கல்ல, அப்ப ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியா அரிசி குடுத்தோம், ஒரே வீட்டுக்கு மூணு மூட்டை போச்சு, பின்னால இருந்த வீட்டுக்கு ஒண்ணும் போகல. அன்னிக்கு ஒரு பட்டியல் வச்சுக்க ஒரு ஆள் இருந்திருந்தா போதும். எனக்கு சங்கம்னா அந்தப் பட்டியல்தான்.

வேற_வேல_இல்லயா:
சரி, பட்டியல் விஷயம் ஒத்துக்கிறேன். பேனர் விஷயம் அப்பிடியே நிக்குது.

பழைய_கிராணி:
தங்கச்சி எழுதுனத படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா, அதாவது குமாஸ்தாவா, இருந்து ரிட்டயர் ஆனவன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்குங்க.

நம்ம டவுன வெளியூர்க்காரன் கேட்டா மந்திரியா இருந்த சாமிவேலு தொகுதின்னுதான் சொல்றான். அதுக்கு ரொம்ப முன்னாலயே நம்ம பேரு உலகத்து பேப்பர்ல வந்தாச்சு. 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார துரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டுட்டாங்க, ரெண்டு நாள்ல நாடு பூரா அவசரகாலம். 1960 ஜூலை கடைசி வரைக்கும் அது ஓடுச்சு. பொஸ்தகத்துல எழுதுறவங்க பட்டாளத்தையும் காட்டையும் எழுதுவாங்க, கடைக்காரன யாரும் எழுத மாட்டாங்க. அப்ப கம்யூனிஸ்ட்டுக்கு சாப்பாடு போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்ட எடத்துல, டின் சாமான் வித்தா கடையிலயே ஓட்ட போட்டுத்தான் குடுக்கணும், அப்பதான் காட்டுல பதுக்கி வைக்க முடியாது. ஓட்ட போட்ட சார்டின அன்னிக்கே சாப்பிட்டாகணும். யாருக்கு என்ன வித்தோம்னு கணக்கு எழுதணும். பால் வெட்டப் போறவங்க மத்தியான சோறு எடுத்துக்கிட்டு போக முடியாது. அந்தப் பக்கம் காட்டுக்காரன் பணம் கேப்பான், இந்தப் பக்கம் போலீஸ் புக்க கேப்பான். எங்க அப்பா சொல்லுவாரு, அப்ப கடை வச்சிருந்தவனுக்கு ரெண்டு பக்கமும் மத்தளம்னு.

அப்புறம் 1969, பெர்மிட் வந்துச்சு. குடியுரிம இல்லாதவங்க, செவப்பு ஐசி (அடையாள கார்டு) வச்சிருந்தவங்க, வேலைக்கு பெர்மிட் எடுக்கணும்னு ஆனதும் தோட்டம் தோட்டமா குடும்பங்க கப்பல் ஏறிருச்சு. பெர்மிட் கெடைக்காம போனவங்களும் உண்டு, பயந்து போனவங்களும் உண்டு. தங்கச்சி டின்னுல இருக்கிற 555 புக்குல கோடு போடாத பக்கம் நெறைய இருக்கும், அதுல கொஞ்சம் இந்த வருஷங்களோடதா இருக்கும், பாரும்மா.

இப்ப சங்கத்துக்கு வரேன். இந்த ஊர்ல ஒண்ணா சேந்து காசு போட்டா என்ன ஆகும்னு நமக்கு வெளியிலேர்ந்து ஒருத்தன் வந்து சொல்ல வேண்டியதில்ல. மந்திரியா இருந்த துன் சம்பந்தன் நம்ம ஊர்க்காரர். தோட்டத்த துண்டு போட்டு விக்க ஆரம்பிச்சப்ப, தொழிலாளிங்க கிட்ட பத்து பத்து வெள்ளியா சேத்து 1960ல தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு, அந்தக் காசுல தோட்டமே வாங்குனாங்க. அவருதான் 1954ல மகாத்மா காந்தி கலாசாலைங்கிற தமிழ்ப்பள்ளியையும் கொண்டு வந்தாரு, நேருவோட தங்கச்சி விஜயலட்சுமி பண்டிட் வந்து தெறந்து வச்சாங்க. கடைக்காரங்க ஒரு மேடைக்கு மட்டும் சங்கம் வைக்கப் போறாங்கன்னா, இந்த ஊருக்கு அது பத்தாது.

கேஎல்_போயிட்டேன்:
கிராணி ஐயா, அந்த டின் ஓட்ட விஷயம் எனக்கு சத்தியமா தெரியாது. நாப்பது வயசாச்சு, அந்த ஊர்லயே படிச்சேன்.

என் பங்குக்கு ஒண்ணு. டவுன்ல பழைய கடைவீடுங்க வரிசையா இருக்குல்ல, மேல பலகை ஜன்னல், கீழ அஞ்சடி நடைபாதை, அதுக்கு சாயம் பூசி, ஒவ்வொரு கடை முன்னாலயும் அந்தக் கடையோட கதைய ஒரு பலகைல எழுதி வச்சா எப்பிடி இருக்கும்? ஈப்போல பழைய டவுன் தெருவுல சுவர்ல படம் வரைஞ்சாங்க, சனி ஞாயிறுல கூட்டம் தாங்கல. நம்மூர்லயும் ரயில் நிக்குதே. சங்கம் இத செய்யலாம்ல.

மளிகைக்கடை_பொண்ணு:
செய்யலாம் அண்ணே, ஆனா அந்த கட்டடம் யாரோடது? என் கடையோட சொந்தக்காரர் வேற ஊர்ல இருக்காரு, கூரை ஒழுகுனா போன் எடுக்க மாட்டாரு, வாடகைக்கு மட்டும் வாட்ஸ்அப் வரும். சாயம் பூசுனா வாடகை ஏறும்.

பழைய_கிராணி:
இந்த வாடகை விஷயத்துக்கு ஒரு பழைய கத இருக்கு. 1948க்கு முன்னால கட்டுன கட்டடத்துக்கு வாடகை கட்டுப்பாட்டு சட்டம் இருந்துச்சு, 1966 சட்டம். வாடகை கம்மி, சொந்தக்காரன் ஏத்த முடியாது, அதனால அவன் ஒரு ஆணி அடிக்கக் கூட வர மாட்டான். 1997ல சட்டத்த எடுத்துட்டாங்க, 1999 கடைசி வரைக்கும் தவண, 2000 பொறந்ததும் ஏறிருச்சு. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல தெரு தெருவா பழைய ஆளுங்க காலி பண்ணாங்க. நம்ம மாதிரி சின்ன டவுன்ல அந்த அளவுக்கு இல்ல, ஏன்னா வேற யாரும் வாடகைக்கு வரல. இப்ப தம்பி சொல்ற மாதிரி படம் கிடம் வரைஞ்சு கூட்டம் வந்தா மொதல்ல காலி பண்றது யாருன்னு யோசிங்க.

கேஎல்_போயிட்டேன்:
ஐயா ஒரே அடியா அடிச்சிட்டீங்க. பலகை மட்டும் வைப்போம், சாயம் வேணாம்.

தெலுக்_இந்தான்_மச்சான்:
பேராக்லயே வேற மாவட்டத்துலேர்ந்து வரேன். எங்க ஊர்ல சாஞ்ச கோபுரம் இருக்கு, 1885ல கட்டுனது, மேல தண்ணி தொட்டி, வெளிய கடிகாரம், டவுன்காரங்களுக்கு தண்ணி குடுத்த கோபுரம். டூரிஸ்ட் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, கையால தாங்குற மாதிரி போஸ் குடுப்பாங்க, ஒரு செண்டோல் குடிச்சிட்டு கெளம்பிடுவாங்க. என் துணிக்கடைக்குள்ள வர மாட்டாங்க. அதனால டூரிஸ்ட்ட நம்பி சங்கம் வைக்காதீங்க.

ஆனா சித்ரா பௌர்ணமி வந்தா வேற கத. நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் ரதம் கெளம்பும், எங்கெங்கயோ போன ஊர்க்காரன் எல்லாம் திரும்பி வருவான். வட்டிக்கட செட்டியாருங்க பெரும்பாலும் போயிட்டாங்க, அவங்க வச்சிட்டு போன திருவிழா மட்டும் ஊர்ல கடைய ஓட்டுது. வர்றவங்க நம்ம ஆளுங்க, வேட்டி வாங்குவான், பிள்ளைக்கு பாவாட சட்ட வாங்குவான், பழைய டீச்சர பாப்பான். ஊர விட்டுப் போனவன் வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதுக்கு ஒரு காரணத்த உண்டாக்கி வைங்க, அதுதான் என் யோசன.

வேற_வேல_இல்லயா:
மச்சான் சொன்னதுல இருக்கு விஷயம். இப்ப நான் ஏன் கசப்பா பேசுறேன்னு சொல்றேன். வேற ஒரு டவுன்ல நான் சட்டத்துணி ஒட்டுக்கடை போட்டிருக்கேன், பேரு வேணாம். தீபாவளி சந்தைல கடை போடுற எடத்த லாட் லாட்டா பிரிச்சாங்க. உள்ளூர்க்காரனுக்கு முன்னுரிமைன்னு சொன்னாங்க, கடைசில பாத்தா ஒருத்தன் உள்ளூர் பேர்ல நாலு லாட் எடுத்து வெளியூர்க்காரனுக்கு கூடுதல் வாடகைக்கு விட்டுட்டான். சந்தைக்கு நடுவுல மேடை, ஸ்பீக்கர் காத கிழிக்குது, வாடிக்கையாளர் வெல கேக்குறது எனக்கு கேக்கல. முக்கிய பிரமுகர் வர்றாருன்னு ஒன்றர மணி நேரம் பாதைய அடைச்சிட்டாங்க, அன்னிக்கு கடைசி சனிக்கிழம, வருஷத்துலயே நல்ல வியாபாரம் ஆகுற ராத்திரி. சங்கம்தான் நடத்துச்சு. இத செய்ய மாட்டோம்னு எழுதிக் குடுங்க, நானும் வந்து சேரறேன், எனக்கு உங்க டவுன்ல மாமியார் வீடு இருக்கு.

லிந்தாங்ரோடு_பையன்:
எழுதியே குடுக்கிறோம் அண்ணே. ஒரு ஐசிக்கு ஒரு லாட், லாட்ல அவரே நிக்கணும், இல்லன்னா அடுத்த வருஷம் கெடையாது. சந்தைக்கு லைசன்ஸ் கோலகங்சார் நகராண்மைக்கழகத்து கிட்டதான் எடுக்கணும், சங்கம் மூலமா போனாலும் இந்த நிபந்தனைய நாமே போட்டுக்கலாம்.

ஏஜிஎம்_அக்கா:
இருபது வருஷமா மூணு சங்கத்துல செயலாளர். யாரும் கேக்காத கேள்விக்கு நான் பதில் சொல்றேன், இதெல்லாம் தெரியாமதான் நம்ம சங்கம் பாதி செத்துப் போகுது.

1966 சங்கங்கள் சட்டத்துல ஏழு பேரு இருந்தாலே சங்கம்னு கணக்கு, அப்ப பதிவு பண்ணித்தான் ஆகணும், சும்மா கூடி காசு வாங்க முடியாது. ஈரோசஸ்னு சங்கப் பதிவு இலாகாவோட இணையதளத்துல ஆன்லைன்ல பதியலாம். பதியுறது ஈசி, தக்க வைக்கிறதுதான் கஷ்டம். பொதுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள வருஷ அறிக்கையும் கணக்கும் அனுப்பணும். ரெண்டு மூணு வருஷம் தூங்கிட்டீங்கன்னா கடிதம் வரும், அப்புறம் பதிவு போயிடும், அப்புறம் பேங்க்ல இருக்கிற காச எடுக்க அலையணும். சட்டவிதி எழுதுறப்ப நோக்கத்த ஒழுங்கா எழுதுங்க. "வணிகர் நலன்"னு மட்டும் எழுதிட்டு பின்னால சாவு வீட்டுக்கு காசு எடுத்தா ஆடிட்டர் கேப்பாரு.

இன்னொண்ணு, கடைக்காரங்க உடனே கேப்பாங்க, நன்கொட குடுத்தா வருமான வரில கழிக்கலாமான்னு. வருமான வரி சட்டத்து 44(6) பிரிவுல அனுமதி வாங்குன அமைப்பு குடுக்கிற ரசீதுக்குத்தான் கழிவு. புதுசா பதிஞ்ச சங்கத்து ரசீது அதுக்கு செல்லாது. ஆச காட்டாதீங்க.

செக்குல ரெண்டு கையெழுத்து, ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது. கியூஆர் கோடு சங்கத்து அக்கவுண்ட்டோடது, பொருளாளரோடது இல்ல. இத சண்ட போட்டாவது பிடிங்க.

மளிகைக்கடை_பொண்ணு:
அக்கா, உங்கள நம்ம சங்கத்துக்கு கடத்திட்டு வரணும்.

ஏஜிஎம்_அக்கா:
மூணே போதும்மா, கோடி புண்ணியம்.

முடிதிருத்தம்_பாபு:
எல்லாரும் பிள்ளைங்க, கோயில்னு பேசுறீங்க, நல்லதுதான். தொழிலுக்கு ஒண்ணுமில்லையா? முடிவெட்டுற கட, துணிக்கட, பொற்கொல்லர், மூணுக்கும் 2009லேர்ந்து வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாம போச்சு. 2023ல 7,500 பேருக்கு வழி விட்டாங்க, அதுவும் இருந்து போன ஆளுக்கு பதிலா மட்டும். அது கூட தேசிய அளவுல சங்கங்க விடாம கதவ தட்டுனதாலதான் வந்துச்சு. என் கடைல நாலு நாற்காலி, ரெண்டுல துண்டு காயப் போட்டிருக்கேன். உள்ளூர் பையன் வரட்டும், நான் தொழில் சொல்லித் தர்றேன், கத்துக்கிற காலத்துல கைக்காசு சங்கம் குடுக்கட்டும். பேனர் காசுல ரெண்டு பையன் தொழில் கத்துக்குவான்.

லிந்தாங்ரோடு_பையன்:
பாபு அண்ணே, என் பட்டறைலயும் இதே கததான். ஃபார்ம் ஃபைவ், அதாவது பள்ளிக்கூடத்து கடைசி வகுப்பு, முடிச்ச பையன் பார்சல் ஓட்டப் போயிடுறான், அன்னன்னிக்கே காசு. இத குறிச்சிக்கிறேன்.

கோயில்வீதி:
நான் நேரடியா கேக்குறேன், யாரும் தப்பா எடுக்காதீங்க. நம்ம பிள்ளைக்கு, நம்ம பள்ளிக்கூடத்துக்கு, நம்ம கோயிலுக்குன்னு சேக்குற காசுல மத்தவங்க எதுக்கு? சீனருக்கு அவங்க சங்கம் எல்லா டவுன்லயும் இருக்கு, சொந்த கட்டடத்தோட இருக்கு. நாம மட்டும் எல்லாரையும் சேத்துக்கிட்டு கடைசில நம்மளுதே இல்லாம போயிடும். இந்த பயம் எனக்கு மட்டும் இல்ல.

மளிகைக்கடை_பொண்ணு:
பயம் நியாயம்தான், அத நான் சிரிச்சு தள்ள மாட்டேன். ஆனா நம்ம தெருவ எண்ணிப் பாருங்க. எனக்கு சாமான் போடுற மொத்த வியாபாரி சீனர், என் பக்கத்து கட மலாய் அக்கா நாசி லெமாக், காலைல பசியாற அவங்க கிட்டதான். தெருவிளக்கு எரியலன்னா மூணு பேருக்கும் எரியல. அஞ்சடில சாமான் பரப்பி வீல்சேர் பாட்டி ரோட்டுல எறங்கி நடக்குதுன்னா அதுல மூணு இனமும் பங்கு, என் வெங்காய மூட்டையும் சேத்துத்தான். இதுக்கெல்லாம் தெரு பூரா ஒரு சங்கம் வேணும்.

பழைய_கிராணி:
எங்க தோட்டத்துல யாராச்சும் செத்தா, பொட்டிக்கு பலகையும் ஆணியும் டவுன்ல ஒரு சீனர் கடைலேர்ந்துதான் வரும். காசு பொறவு குடுங்கன்னு அனுப்பி வைப்பாரு, கேக்கவும் மாட்டாரு. நம்ம ஆளு ஒருத்தரு வட்டி கேட்டாரு. பேரு சொல்ல மாட்டேன். கோயில்வீதி தம்பி, ரெண்டு ஏற்பாடு வச்சுக்கலாம்ல? கோயிலுக்கு கோயில் கமிட்டி இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கு. கடைக்காரர் சங்கம் அதுங்களுக்கு குடுக்கட்டும், அதுங்களோட வேலைய எடுத்துக்க வேணாம்.

கோயில்வீதி:
அப்பிடின்னா எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவுன்னு சட்டவிதிலயே இருக்கணும். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பங்கு எழுத்துல இருந்தா நான் எதுக்க மாட்டேன். முன்னாடி ஆறாம் வகுப்பு யுபிஎஸ்ஆர் பரீட்சைல 7ஏ எடுத்தா கடைக்காரங்க சைக்கிள் குடுப்பாங்க, என் தங்கச்சி வாங்குச்சு. 2021ல பரீட்சையவே எடுத்துட்டாங்க, அதோட சைக்கிளும் போச்சு.

மளிகைக்கடை_பொண்ணு:
சைக்கிள் வாங்குனது கெட்டிக்கார பிள்ளைங்க, அதுங்க எப்பிடியும் படிச்சிருக்கும். இப்ப வேண்டியது ஃபார்ம் த்ரீல கணக்கு வராம பின்னால உக்காந்திருக்கிற பையனுக்கு டியூஷன். சாயந்தரம் என் கடை மாடி காலியாத்தான் கெடக்கு, கூரை ஒழுகாத பக்கம்.

லிந்தாங்ரோடு_பையன்:
சரி, இப்ப என் முடிவ சொல்றேன். எனக்கு தீபாவளி சந்த நாலாவதுதான். வருஷத்துல பதினோரு மாசம் சங்கம் என்ன பண்ணுதுன்னுதான் பாக்கணும், சந்தைய யாரு வேணா நடத்துவாங்க. மொதல்ல பட்டியல், கஷ்டத்துல இருக்கிற வீடு எதுன்னு தெருவுக்கு ஒருத்தர் பொறுப்பு, ஒரு வீட்டுக்கு மூணு மூட்ட போகக் கூடாது. பங்களா தம்பிங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் அந்தப் பட்டியல்ல வரணும். ரெண்டாவது சாவு வீடு, கொட்டாய், மேச, நாற்காலி, பெரிய தண்ணி டிரம், யாரு வீடா இருந்தாலும் எந்த இனமா இருந்தாலும் வாடகை இல்லாம. வாடகைக்கு எடுத்தா எவ்வளவு ஆகுதுன்னு சமீபத்துல சாவு எடுத்தவங்களுக்கு தெரியும். மூணாவது மாடி டியூஷனும், பாபு அண்ணே சொன்ன தொழில் பழக்குறதும். அஞ்சடிய நாமளே காலி பண்ணணும், அது காசு இல்லாத வேல, ஆனா அதுலதான் மொதல் சண்ட வரும்னு எனக்கு தெரியும். சங்கம் தெரு பூராவுக்கும். தமிழ்ப்பள்ளி பங்கு சட்டவிதில எழுத்துல. சந்தா மாசம் இருபது வெள்ளி.

முடிதிருத்தம்_பாபு:
இருபது ஜாஸ்திலா. ஒட்டுக்கடைக்கு பத்து வைங்க.

வேற_வேல_இல்லயா:
பேனர் பத்தி ஒண்ணும் வரலையே.

லிந்தாங்ரோடு_பையன்:
பேனர்ல டவுன் பேரு, சங்கத்து பேரு. போட்டோ கெடையாது. ஒட்டுக்கடைக்கு பத்து, கடைவீட்டுக்கு இருபது, ஓகேவா?

வேற_வேல_இல்லயா:
ஓகே. மாமியார் கிட்ட சொல்லிட்டேன், வர்றேன்.

ஏஜிஎம்_அக்கா:
வர்றதுக்கு முன்னால ஏழு பேரோட ஐசி காப்பி, கடை முகவரி, எல்லாத்தையும் எனக்கு பிரைவேட்ல அனுப்புங்க, இங்க பொதுவுல போடாதீங்க. சட்டவிதிய நான் ஒரு தடவ பாத்துத் தர்றேன். பதவி வேணாம், மறுபடியும் சொல்றேன், பதவி வேணாம்.

கோயில்வீதி:
கூட்டத்த வெள்ளிக்கிழம சாயந்தரம் வைக்காதீங்க, எங்களுக்கு கோயில்ல பூச, மலாய் அக்காவுக்கும் தொழுக நாளு. திங்கக்கிழம ராத்திரி எல்லாக் கடையும் அடைச்சதுக்கப்புறம் வைங்க.

லிந்தாங்ரோடு_பையன்:
திங்கக்கிழம, ஒம்பது மணி, மளிகைக்கடை மாடி. பலகைக்கும் ஆணிக்கும் காசு கேக்காத அந்த சீனரோட மகன் இப்ப ஹார்ட்வேர் பாக்குறாரு, அவர நான் போய் கூப்பிடுறேன். நாசி லெமாக் அக்காவ தங்கச்சி கூப்பிடட்டும்.